நானூற்றுப் பன்னிரண்டு பேரும் நலம்

உப்பு கலந்த தண்ணீரில் பருப்பு வேகாது. இதை எனக்குச் சொன்னது கிருபாபாய். மூன்று மணி நேரம் அடுப்பில் கிடந்தாலும் பருப்பு அப்படியே இருக்கும், விறகுதான் தீரும் என்றாள். அறிவியல் படித்த எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு எங்கள் அறிக்கையின் ஏழாம் அத்தியாயத்துக்கு அதையே முதல் வரியாக வைத்தேன்.

டாக்டர் ஷியாமளா, உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. விடுமுறைக்கு வந்த இடத்தில், நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் ராபின்சனைத் தற்செயலாகப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவன் மனைவி இறந்துபோன விஷயம் அவன் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'கழுத்துக் கட்டியைச் சோதிக்கச் சொல்லி நான் எழுதிய சீட்டு அவர்கள் கைக்கு வரவே இல்லையாம். எழுத மறந்துவிட்டேனா, எழுதியது தொலைந்துபோனதா, தயவுசெய்து சொல்லுங்கள். நிம்மதியே இல்லை' என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் மறக்கவில்லை. பிப்ரவரி பதினேழாம் தேதி போட்டு, உங்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தீர்கள். அது தொலையவும் இல்லை. என்னிடம் இருக்கிறது.

இவ்வளவு எழுதி நிறுத்தியிருக்கலாம். நீங்கள் கேட்டதற்கு அது போதும். ஆனால் ஏன் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எங்களோடு இருந்தது ஒன்பது நாள்தான். நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. என் சொந்த ஊர் பாறசாலை. படித்து முடித்துக் கிழக்குக் கரையில் ஒரு அணுமின் நிலையத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். பெரிய உலை. கட்டி முடிக்கவே பத்து வருடம் ஆகும். அதிலிருந்து கம்பி வழியாகப் போகிற மின்சாரம் கடைசி ஊருக்குப் போய்ச் சேரும்போது விளக்குக்குள் இருக்கும் இழை மட்டும் சிவப்பாகத் தெரியும். நான் வளர்ந்தது அந்தக் கடைசி ஊர்களில்தான். அதனால்தான் தொண்ணூற்றைந்தில் அந்த ஆய்வு மையம் கூப்பிட்டதும் வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

மையத்தின் யோசனை எளிமையானது. சின்ன உலைகள். ஒரு பெரிய லாரியில் ஏற்றலாம், அல்லது மிதவையில் வைத்து இழுத்துக்கொண்டு போகலாம். தேவைப்படும் இடத்தில் நிறுத்தி, எட்டு வருடமோ பத்து வருடமோ ஓட்டி, எரிபொருள் தீர்ந்ததும் அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். வெளிநாடுகளில் இப்படி ஐந்து வகை வரைபடத்தில் இருந்தன. எந்த வகை எந்த வேலைக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது என் வேலை.

கேட்பதற்கு லேசாக இருக்கும். அப்படியில்லை. பனிமலையில் இருக்கும் ராணுவ முகாமுக்கு அறையைச் சூடாக்க வெப்பம் வேண்டும், கூடவே கொஞ்சம் மின்சாரமும் வேண்டும், ஆனால் பாதை வருடத்தில் நான்கு மாதம்தான் திறந்திருக்கும். தீவுக்கு மின்சாரம் வேண்டும், ஆனால் பகலில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அளவு குறைவு, ஆனால் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. மின்சாரம் ஆக்க முந்நூறு டிகிரியாவது சூடு வேண்டும். உப்புநீரை ஆவியாக்கி நல்ல நீர் எடுப்பதற்கு நூறை ஒட்டிய சூடு போதும். அதற்கென்று இருக்கும் உலை குறைந்த அழுத்தத்தில், சாதுவாக, அலுங்காமல் ஓடும். எட்டு வேலைகளையும் ஐந்து உலைகளையும் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு எட்டு மாதம் உட்கார்ந்தேன். அந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும்விட அழகாகப் பொருந்தியது ஒன்றுதான். மிதவையில் வரும் சின்ன வெப்ப உலை, கடலோரக் குடிநீர்.

இடம் தேடினேன். திருப்புறத்துக்குத் தெற்கே, காயலை ஒட்டிய அந்தக் கரையில் வந்து நின்றேன். கிணறுகள் எல்லாம் உப்பேறிப் போயிருந்தன. ஆறு கடலில் கலக்கும் பூவாறு பொழிமுகம் வழியாக மிதவையை உள்ளே கொண்டுவரலாம். அங்கே நாலாயிரம் பேர் இருந்தார்கள். பெண்கள் நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தார்கள்.

கிருபாபாயை அங்கேதான் முதலில் பார்த்தேன். அங்கன்வாடி டீச்சர். அப்போது இருபத்தெட்டு வயது. கணவன் ராபின்சன் ஐஸ் கம்பெனியில் இயந்திரம் ஓட்டினான். சோனா என்று ஐந்து வயதில் ஒரு பெண். கையில் கணக்கெடுப்புத் தாளோடு போன என்னை யாரும் வீட்டுக்குள் விடவில்லை. இவள்தான் ஒவ்வொரு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற இடமெல்லாம் என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

"இது குண்டு ஒண்ணும் இல்ல கேட்டியளா. பெரிய அடுப்பாக்கும். கடல் வெள்ளத்த அதுல வச்சு ஆவியாக்கி, ஆவிய பிடிச்சு நமக்குக் குடிக்கத் தருவாவ."

ஒரு நாள் மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கட்டம் போட்ட தாளை ராபின்சன் வாங்கிப் பார்த்தான். அது என்ன என்று கேட்டான். சொன்னேன். அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

"சாரு கல்யாணத் தரகராக்கும். உலைக்கு மாப்பிள பாக்குதாரு."

"அப்ப நமக்க ஊரு மாப்பிள நல்ல மாப்பிள்ளையா சாரே?" என்றாள் கிருபாபாய்.

"பத்துல பத்து பொருத்தம்" என்றேன்.

அது பொய்யில்லை. இன்றைக்கும் அந்தக் கணக்கில் பிழை இல்லை.

அரசுக் கமிட்டிக்கு அறிக்கை கொடுப்பதற்கு முன்னால், உலை வரப்போகிற இடத்து மக்களின் உடல்நிலை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு பரிசோதனை நடத்த வேண்டும் என்பது விதி. நாளைக்கு யாருக்காவது ஏதாவது வந்தால், அது முன்பே இருந்ததா பின்பு வந்ததா என்று தெரிய வேண்டும் இல்லையா. அதற்காகத்தான் உங்களை அழைத்தோம். கிறிஸ்தவ சபைக்குச் சொந்தமான கூடத்தில் முகாம் போட்டோம். முதல் நாள் காலை பத்து மணிவரை ஒருவரும் வரவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"இஞ்ச உள்ள ஆளுவளுக்கு ஊசின்னா பேடி சாரே. எனக்க ரெத்தத்த முதல்ல எடுக்கச் சொல்லுங்க. அத பாத்தா மத்தவியளும் வருவினும்" என்று சொல்லி அவள்தான் முதலில் வந்து உட்கார்ந்தாள். அவள் வந்த பிறகு நானூற்றுப் பதினொரு பேர் வந்தார்கள்.

நீங்கள் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்ததை நான் மேஜைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் தடவினீர்கள். வலிக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை என்றாள். "பேடிக்கண்டா, ஒரு டெஸ்ட் வேணும். எல்லார்ட ரிசல்ட்டும் வந்நிட்டு ஞான் சீட்டு தராம்" என்று உங்கள் மலையாளத்தில் தைரியம் சொன்னீர்கள். அவள் தலையாட்டிவிட்டு ரவிக்கைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய் அடுத்தவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

முகாம் முடிந்து, ரத்த முடிவுகளும் வந்த பிறகு, கோப்புகளை என்னிடம் ஒப்படைத்தீர்கள். மறுவாரம் வடக்கே வேலைக்குப் போனீர்கள். சீட்டுகளை வீட்டுக்கு வீடு கொடுப்பதும், வேண்டியவர்களைத் திருவனந்தபுரத்துக்கு மையத்தின் ஜீப்பில் கொண்டுபோவதும் என் பொறுப்பு. அதை நானே ஏற்றுக்கொண்டேன். அவள் சீட்டில் நீங்கள் எழுதியிருந்தது: இடது கழுத்தெலும்புக்கு மேலே கட்டி, ரப்பர் விதை அளவு, வலியில்லை, உடனே சதை எடுத்துச் சோதிக்கவும். உடனே என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

அதை நான் கொடுக்கவில்லை.

விளக்கம் சொல்கிறேன். கமிட்டியின் விதிகளில் ஒன்று இது. பரிசோதனையில் யாருக்காவது புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால், தனி மருத்துவக் குழு ஒரு வருடம் விசாரிக்கும். அதுவரை அந்த இடம் பட்டியலில் இருக்காது. எங்களோடு போட்டியில் இன்னும் இரண்டு இடங்கள் இருந்தன. இரண்டுமே என் கணக்கில் மோசமான பொருத்தம். அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் மார்ச் முப்பத்தொன்று. அதற்கு ஆறு வாரம் இருந்தது. அவளுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்தேன். திருவனந்தபுரத்தில் அவளை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோமோ, அதன் பதிவேட்டிலிருந்துதான் கமிட்டியின் மருத்துவ உறுப்பினர் ஊர்வாரியாகப் பட்டியல் எடுப்பார். திருப்புறம் என்று ஒரு பெயர் அங்கே பதிவானால் போதும்.

உலை இன்னும் வரவே இல்லை. அவள் கட்டிக்கும் உலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தமே இல்லாத ஒன்று நாலாயிரம் பேருடைய தண்ணீரைத் தடுப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. ஆறு வாரம்தான். நான் மருத்துவன் இல்லை. கழுத்தில் கட்டி என்றால் ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆறு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்குத் தெரிய வழியில்லை.

அறிக்கையின் பின்னிணைப்பில் 'பரிசோதிக்கப்பட்ட நானூற்றுப் பன்னிரண்டு பேரும் நலம்' என்று எழுதினேன். ஒற்றை வரி.

பிப்ரவரி கடைசியில் அவளே என்னைத் தேடி வந்தாள். அங்கன்வாடி முடிந்து, சோனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நான் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"டாக்டரம்மா சீட்டு தருவேன்னு சொன்னாவளே. வந்துதா சாரே?"

"வந்துது. ஒண்ணுமில்ல பிள்ளே. பல்லுல சீழ் வச்சா கழுத்துல இப்பிடி நெறி கட்டுமாம். தானா வத்திப் போவும்னு எழுதியிருக்காவ."

அவள் முகம் எப்படி மாறியது என்பதை எழுதத்தான் வேண்டும். தோள் இரண்டும் கீழே இறங்கின. குழந்தையின் தலையில் கை வைத்தாள்.

"ரெண்டு நாளா நான் சரியா சாப்பிடல்ல சாரே. சோனாக்க அப்பாட்ட கூட சொல்லல்ல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

உங்கள் பெயரைச் சொல்லித்தான் அதைச் சொன்னேன் என்பதையும் கவனித்திருப்பீர்கள். அதற்காகத் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அறிக்கை போய்ச் சேர்ந்தது. கமிட்டி ஏப்ரலில் கூடியிருக்க வேண்டும். ஜூனுக்குத் தள்ளினார்கள். ஜூனில் கூடவில்லை, செப்டம்பர் என்றார்கள். ஒவ்வொரு முறையும் நான் இன்னும் கொஞ்சநாள்தானே என்றுதான் நினைத்தேன். ஒரேயடியாக ஏழு மாதம் என்று பிப்ரவரியிலேயே யாராவது சொல்லியிருந்தால் நிச்சயமாக நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

ஜூலையில் ராபின்சன் வந்தான். ஐஸ் கம்பெனியில் அன்றைக்கும் கரன்ட் இல்லை. அப்போது தினமும் அப்படித்தான் இருந்தது. ஐஸ்கட்டிகள் பாதி உறைந்து, பாதி உருகி, மீன்காரர்கள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

"கிருபாவுக்கு தெனமும் அந்திக்கு காய்ச்சல் அடிக்குது சாரே. வேர்த்துக் கொட்டி, விரிப்பு எல்லாம் நனஞ்சு போவுது. கழுத்துல இப்ப மூணு கட்டி உண்டு. நாளைக்கு திருவனந்தபுரம் கொண்டு போலாம்னு பாக்கேன். சாருக்க ஜீப்பு கிட்டுமா?"

நான் அவனை உட்காரச் சொன்னேன். பிறகு, அந்திக் காய்ச்சலும் கழுத்துக் கட்டியும் காசநோயில் வரும், அதற்குத் திருவனந்தபுரம் எதற்கு, காட்டாக்கடையில் அனுபவமுள்ள ஒரு டாக்டர் இருக்கிறார், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். மறுநாள் காலையில் ஜீப்பை நானே ஓட்டினேன். அவள் பின்னால் ராபின்சனின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். மேடு பள்ளங்களில் மெதுவாக ஓட்டினேன்.

அந்த வயதான டாக்டர் நல்லவர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இவர்களில் படித்தவன் நான்தான் என்று நினைத்து என்னிடம் கேட்டார்.

"இதுக்கு முந்தி எங்கேயாவது காட்டினீங்களா? ஏதாவது ரிப்போர்ட் இருக்கா?"

"இல்லை" என்றேன்.

அந்தப் பகுதியில் கழுத்துக் கட்டி என்றால் பெரும்பாலும் காசநோய்தான். அவர் அதற்கான மருந்தை எழுதினார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து அவள் பயந்துபோனாள். அது மருந்தின் நிறம், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று நான் தேற்றினேன். மாதம் ஒருமுறை காட்டாக்கடைக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்ததும் நான்தான். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று பேசிக்கொண்டார்கள். நான் அதை மறுக்கவில்லை.

இந்த இடத்தில் டாக்டர், மேலே எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிய வழியில்லை என்று எழுதினேன். அது சரியில்லை. கடிதத்தை முதலிலிருந்து வேறு தாளில் எழுதலாமா என்று பார்த்தேன். ஆனால் நான் முதலில் எப்படி எழுதினேன் என்பதும் உங்களுக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் சீட்டைக் கொடுத்த மறுநாளே பாறசாலை ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒருவரை அழைத்தேன். என்னோடு கல்லூரியில் படித்து, பிறகு மருத்துவம் படித்தவர். உங்கள் சீட்டை வார்த்தைக்கு வார்த்தை படித்துக் காட்டினேன். என் உறவுக்காரப் பெண் என்று சொன்னேன். அவர் சொன்னார்: காசநோயாகவும் இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். அந்த வயதில் வருவது பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய வகை. இந்த நிலையில் பிடித்தால் பத்தில் எட்டுப் பேராவது நன்றாக ஆகிவிடுவார்கள். ஆனால் தள்ளிப்போடக் கூடாது. பரவிவிட்டால் கணக்கு மாறிவிடும்.

பூத்தில் உட்கார இடமில்லை. நின்றபடியே கையிலிருந்த அறிக்கைத் தாளின் ஓரத்தில் 'பத்தில் எட்டு' என்று எழுதிக்கொண்டேன். எனக்கு எதையும் எண்ணில் எழுதிப் பார்த்தால்தான் மனசிலாகும். எழுதிப் பார்த்தேன். மனசிலானது. பிறகும் கொடுக்கவில்லை. ஆக, காட்டாக்கடைக்கு ஜீப்பை ஓட்டியபோது எனக்குத் தெரியும். காசநோய் மருந்து வாங்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு மாதமும் தெரியும்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி கமிட்டி கூடியது. ஏழாம் அத்தியாயத்தை ஒரு உறுப்பினர் வாய்விட்டு வாசித்தார். பருப்பு வேகாத விஷயம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மூன்று இடங்களில் எங்கள் இடத்தை முதலாவதாக வைத்தார்கள். ஊர் திரும்பியதும் நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் போனேன். அவள் கட்டிலில் இருந்தாள். கை குச்சியாக இருந்தது. செய்தியைச் சொன்னேன்.

"அப்ப குடிக்க வெள்ளம் எப்ப வரும் சாரே?"

"ரெண்டு வருசத்துல."

"சோனாவுக்கு அப்ப எட்டு வயசு" என்றாள். "தலையில கொடம் வைக்கிற வயசுக்கு முன்னாலயே வந்துருமே."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கமிட்டி முடிந்துவிட்டது. பெயர் பதிவேட்டில் வந்தாலும் இனி ஒன்றும் ஆகாது. பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. அது சரியோ தப்போ, காரணம் என்று ஒன்று இருந்தது. செப்டம்பருக்குப் பிறகு எதுவும் இல்லை. இப்போது சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று ராபின்சன் கேட்பான். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதை நினைத்தே பேசாமல் இருந்தேன். எழுதும்போது இது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தெரிகிறது.

நவம்பரில் மூச்சுவிடச் சிரமப்பட்டாள். ராபின்சன் யாரையும் கேட்காமல் ஐஸ் ஏற்றுகிற வண்டியில் அவளைத் தூக்கிப் படுக்கவைத்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்விட்டான். அங்கே சதை எடுத்துப் பார்த்தார்கள். ஈரலுக்கும் எலும்புக்கும் போயிருந்தது. ஏழு வாரம் வைத்தியம் பார்த்தார்கள். நான் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை போனபோது ராபின்சன் வராந்தாவில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வருசம் முன்ன கொண்டு வந்திருந்தா சொகப்படுத்தியிருக்கலாம்னு சொல்லுதாவ. எனக்க புத்திக்கு அது தோணல்ல பாத்தியளா சாரே. நான் கரன்டு இல்ல, ஐசு இல்லன்னு அதையே பாத்துட்டு நடந்துட்டேன். நான் தான் அவள கொன்னேன்."

"அப்பிடி சொல்லாத ராபின்சா" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. என் கை அவன் தோளில் இருந்தது. அந்தக் கையை நான் எடுக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை கூசுகிறது.

ஜனவரி எட்டாம் தேதி இறந்துபோனாள். சபைக் கல்லறையில் அடக்கம். ஆராதனையில் போதகர், துன்பநேரத்தில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு சகோதரனைப்போல் நின்றவர் என்று என் பெயரைச் சொல்லி, சபை சார்பில் நன்றி சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைகூப்பினேன். அது மரியாதைக்காகச் செய்தது. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

மார்ச்சில் மையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அரைப் பக்கம்கூட இல்லை. இடம்பெயர்க்கக்கூடிய சிறு உலைகள் குறித்த ஆய்வு இப்போதைக்கு நிறுத்திவைக்கப்படுகிறது, இதுவரை செய்த பணிக்கு நன்றி. மையத்தை மூடினார்கள். இப்போது நான் பனச்சமூட்டில் ஒரு டியூட்டோரியலில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கரையில் இன்னும் இரண்டு மைல் நடந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள். ராபின்சன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீன் கொண்டுவந்து தருவான். வேண்டாம் என்றால் வருத்தப்படுவான். வாங்கிக்கொள்கிறேன்.

வெட்கம் என்ற சொல்லை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். மனிதர்கள் முன்னால் தலைகுனிவதுதான் அது என்று நினைத்திருந்தேன். என் முன்னால் யாரும் எதையும் கேட்கவில்லை. எல்லோரும் என்னை நல்லவன் என்கிறார்கள். கண்ணாடி முன்னால் சவரம் செய்யும்போது கன்னத்தை மட்டும் பார்த்துச் செய்து முடிக்கப் பழகியிருக்கிறேன். கிருபாபாயைக் கொன்றது நான்தான். ராபின்சன் இல்லை, காட்டாக்கடை டாக்டர் இல்லை, நீங்களும் இல்லை. இதை நீங்கள் அவனிடம் காட்டலாம். போலீஸிடமும் காட்டலாம். நான் மறுக்கமாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு சீட்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தவை நான்கு. ஒன்பது நாளில் நானூறு பேரைப் பார்த்த அவசரத்தில் மற்ற மூன்றும் உங்களுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். தங்கபாய், படகுத்துறைக்குப் பக்கத்து வீடு, மார்பில் கட்டி. சரோஜம், சர்க்காரு குளத்துக்கு மேற்கே, தொண்டையில் கட்டி. சுந்தரதாஸ், மரக்கடையில் வேலை, ரத்தத்தில் வெள்ளணு மிக அதிகம். நான்கையும் ஒரே காரணத்துக்காகத்தான் வைத்துக்கொண்டேன். மூன்று பேரும் போன ஞாயிற்றுக்கிழமைவரை உயிரோடு இருக்கிறார்கள். தங்கபாய் கொஞ்சம் மெலிந்திருக்கிறாள்.

சீட்டுகளை இதனோடு வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாரையாவது அனுப்பி அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டு வழியாக நான் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன், இருபத்தொரு மாதமாக. நானே உள்ளே போய்ச் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் போகவில்லை. மற்றபடி அவர்கள்மேல் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது.

இப்படிக்கு,
சிவதாணு